பழைய பொருளா, பழையது போன்ற பொருளா? சென்னையில் எங்கே தேடுவது, எப்படிப் பார்த்து வாங்குவது?

மடிப்பாக்கம்வாசி:

வணக்கம். மடிப்பாக்கத்தில் புதிய அடுக்ககம் ஒன்றுக்குக் குடிவந்திருக்கிறோம். வரவேற்பறையை ஐம்பது, அறுபதுகளின் சாயலில் அமைக்க வேண்டும் என்று நானும் என் மனைவியும் விரும்புகிறோம். சாவி கொடுத்து ஓடும் ஊசல் கடிகாரம், சில பித்தளைப் பாத்திரங்கள், பூப்போட்ட இனாமல் தட்டுகள், பழைய விளம்பரத் தகரப் பலகை ஒன்று, பித்தளைக் குழாய் வைத்த கிராமபோன் ஆகியவை எங்கள் பட்டியலில் இருக்கின்றன. மனைவிக்குப் பழைய காஞ்சிபுரம் பட்டுப்புடவை ஒன்றும் வேண்டுமாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். பொருளுக்குப் பொருள் ‘விண்டேஜ்’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கேட்டால், ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வந்தது என்ற ஒரே பதில்தான் எல்லாவற்றுக்கும் கிடைத்தது. அருகருகே இருந்த மூன்று மரப்பெட்டிகளிலும் ஒரே மூலையில் ஒரே மாதிரி வண்ணம் உரிந்திருந்ததைப் பார்த்த பிறகு எதையும் வாங்க மனம் வரவில்லை. உண்மையான பழம்பொருளை எப்படி அடையாளம் காண்பது, எங்கே தேடுவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

பித்தளைக் கூஜா:

பழையது போலப் புதிதாகச் செய்த பொருளை வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. ஜோத்பூரிலிருந்து வரும் மரச்சாமான்களிலும் மொராதாபாத்திலிருந்து வரும் பித்தளைப் பொருள்களிலும் அந்த வகை ஏராளம். நல்ல வேலைப்பாடு உள்ளவையும் அவற்றில் உண்டு. ஆனால் அவற்றுக்குப் புதுப்பொருளின் விலையைத்தான் கொடுக்க வேண்டும், ஜமீன் கதைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்கு அருகிலேயே பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. பழைய டிரங்க் சாலையில் செடிகளுக்கும் பழைய மின்சாதனங்களுக்கும் நடுவே கடிகாரம், பீங்கான், நாணயம், மரச்சாமான் எல்லாம் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே போய்விடுங்கள், ஏனென்றால் நல்ல பொருள்களைக் கடைக்காரர்களே காலையில் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையான பிறகு, அங்கிருந்த வியாபாரிகளுக்கு அருகிலேயே லில்லி பாண்ட் வளாகத்தில் இடம் கொடுக்கப்பட்டது. பழைய புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்கும் அங்கே போகலாம். இனாமல் தட்டுகளுக்கும் செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களுக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருதான் ஊற்றுக்கண். சென்னைக் கடைகள் பலவற்றுக்கும் சரக்கு அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்றே பயணம் போனால் கட்டுப்படியாகாது.

பித்தளைக்கு மட்டும் நான் பழம்பொருள் கடைக்கே போவதில்லை. பழைய பாத்திரத்தை எடைக்கு எடுத்துக்கொண்டு புது எவர்சில்வர் கொடுக்கும் பாத்திரக்கடைகளின் பின்கட்டில், உருக்கப் போவதற்காகக் காத்திருக்கும் குவியல் ஒன்று இருக்கும். கேட்டால் எடை விலைக்கு மேல் கொஞ்சம் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். இரும்பின் மேல் பித்தளை முலாம் பூசியிருந்தால் காந்தம் ஒட்டிக்கொள்ளும். பாத்திரத்தைக் கவிழ்த்து அடிவிளிம்பைப் பாருங்கள். வருடக்கணக்கில் தரையில் இழுபட்ட பாத்திரத்தின் விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும், கைபடாத இடுக்குகளில் மட்டும் கறுப்பு தங்கியிருக்கும். அமிலம் தடவிப் பழையதாக்கியதில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படிந்திருக்கும். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய பெயர் இருந்தால் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. வேறொருவர் வீட்டுப் பெயர் எதற்கு என்று சிலர் அதைத் தேய்த்து அழிக்கச் சொல்கிறார்கள், அந்த வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள்.

அணாப்பலகை:

விளம்பரப் பலகைக்கும் தட்டுகளுக்கும் நான் சொல்கிறேன், ஏனென்றால் எழுத்து இருக்கும் பொருளின் காலத்தை அந்த எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

அண்மையில் ஒரு கடையில் 1950-ஆம் ஆண்டுப் பலகை என்று சோப்பு விளம்பரம் ஒன்றைக் காட்டினார்கள். துரு, கீறல், ஆணித்துளை எல்லாம் கச்சிதமாக இருந்தன. அதில் ‘விலை 2 அணா’ என்று இன்று நாம் எழுதும் வடிவத்திலேயே அச்சிட்டிருந்தது. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978-இல்தான். அதற்கு முன்பு லை, ளை, னை, ணை ஆகிய எழுத்துகளின் ஐகாரத்தை யானைத் தும்பிக்கை போல் மேலே சுழித்துத்தான் எழுதினார்கள். ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியாக நில்லாமல் எழுத்தோடு சேர்ந்து வளைந்திருக்கும். பெரியாரின் ஏடுகள் 1935 முதலே புதிய வடிவத்தைப் பயன்படுத்தின என்பது உண்மைதான், ஆனால் சோப்பு விளம்பரக்காரர் அதைப் பின்பற்றியிருப்பார் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை. அணாவோ 1957-இல் நயா பைசா வந்தபோதே விடைபெறத் தொடங்கிவிட்டது. ஆக, 1978-க்குப் பிந்தைய எழுத்தும் 1957-க்கு முந்தைய விலையும் ஒரே தகரத்தில் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. கணினியில் இருக்கும் எழுத்துருவை அப்படியே எடுத்துப் போட்டதன் விளைவு அது.

இதே வழியில் முகவரியையும் படியுங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்டில்தான் அறிமுகமானது; அதற்கு முந்தையது என்று சொல்லும் பலகையில் 600017 என்று இருக்கவே முடியாது, ‘சென்னை-17’ என்றுதான் இருக்கும். ஆங்கிலத்தில் ‘சென்னை’ என்று அச்சிட்டிருந்தால், மெட்ராஸ் என்ற பெயர் மாறிய 1996-க்குப் பிந்தையதாகவே பெரும்பாலும் இருக்கும். இந்தச் சோதனைகள் ஒரு பக்கமாகத்தான் செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்: புதிய வடிவம் இருந்தால் பழையதல்ல என்று சொல்லலாம், பழைய வடிவம் இருப்பதாலேயே பழையது என்று சொல்லிவிட முடியாது. 1978-க்குப் பிறகும் பழைய வடிவத்தை விடாமல் எழுதிய கடைப்பலகை ஓவியர்கள் எத்தனையோ பேர்.

இனாமல் தட்டின் அடியில் இருக்கும் முத்திரையும் அப்படித்தான். செக்கோஸ்லோவாக்கியா என்றிருந்தால் அது 1918-க்கும் 1992-க்கும் இடைப்பட்டது, அந்த நாடு இருந்ததே அவ்வளவு காலம்தான். செட்டிநாட்டு வீடுகளில் சுவீடன் நாட்டுத் தட்டுகளும் நிறைய உண்டு. ஓரம் சில்லு பெயர்ந்த தட்டைச் சுவரில் மாட்டுங்கள், புளிக்குழம்பு ஊற்றிச் சாப்பிட வேண்டாம். பழைய சிவப்பு, மஞ்சள் பூச்சுகளில் காட்மியம், காரீயம் போன்றவை கலந்திருக்க வாய்ப்புண்டு.

ரவிவர்மா படங்களையும் யாராவது காட்டுவார்கள், அதனால் ஒரு பூதக்கண்ணாடி எடுத்துச் செல்லுங்கள். அவர் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் கல்லச்சில் உருவானவை, வண்ணப் பொட்டுகள் ஒழுங்கில்லாமல் சிதறித் தெரியும். வரிசை தப்பாத நுண்புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால ஆஃப்செட் அச்சு. சட்டமும் கண்ணாடியும் எவ்வளவு பழையவையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் தாளைத்தான் பார்க்க வேண்டும்.

கோர்வைக்கரை:

புடவை பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் தெருத்தெருவாக வருவது அதன் அழகுக்காக அல்ல, ஜரிகையிலுள்ள வெள்ளிக்காக. அக்காலக் காஞ்சிபுரம் ஜரிகை, பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக்கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. ஓரத்தில் ஓர் இழையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். செம்பு நிறமோ வெள்ளை நைலான் இழையோ தெரிந்தால் வேறு வகை என்று புரிந்துகொள்ளலாம். விற்கிறவர் சுரண்ட விடமாட்டார், உதிர்ந்து தொங்கும் இழை ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது மடிப்பு. புடவையை முழுவதுமாகப் பிரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் இருந்த கோடு நெடுகப் பட்டு இற்றுப்போயிருப்பது ஊசித்துளைகளாகத் தெரியும். அப்படிப்பட்டதை உங்கள் மனைவி ஒருமுறை உடுத்தி உட்கார்ந்தாலே கிழிந்துவிடும். புடவையின் உடல்பகுதி இற்றுப்போய்க் கரையும் முந்தானையும் நன்றாக இருந்தால், அவற்றை மட்டும் எடுத்துப் புதுத் துணியில் வைத்துத் தைக்கலாம்.

உடுத்துவதுதான் நோக்கம் என்றால் பழைய பாணியில் புதிதாக நெய்ததையே நான் பரிந்துரைப்பேன். திருவான்மியூர் கலாக்ஷேத்திராவின் நெசவுக்கூடம் பழைய கரைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் விடாமல் நெய்துவருகிறது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸிலும் பழைய வடிவங்களைக் கேட்டுப் பார்க்கலாம். புதிதைப் புதிது என்று சொல்லி விற்கும் இடங்கள் இவை, ஜமீன் கதை கேட்க வேண்டியிருக்காது.

எழுபத்தெட்டுச் சுற்று:

ஐயா, பித்தளைக் குழாய் வைத்த கிராமபோனைத் தயவுசெய்து பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பளபளக்கும் குழாய், எண்கோணப் பெட்டி, அதில் நாய் படம் ஒட்டிய எச்.எம்.வி. முத்திரை என்று கடைகளில் இருப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை அண்மைக்காலத்தில் சேர்த்துப் பூட்டியவை. குழாய் பெட்டியில் சேரும் இடத்தில் ஆடும், பெட்டி மரத்தின் உள்பக்கம் புதிய மரமாக இருக்கும். உண்மையானது வேண்டுமென்றால் சூட்கேஸ் போல மூடித் தூக்கிச் செல்லும் எச்.எம்.வி. 102 வகையைத் தேடுங்கள். அதில் குழாய் வெளியே தெரியாது, பெட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கும், ஆகவே போலி செய்கிறவர்களுக்கு அதில் ஆர்வம் குறைவு. சாவி கொடுத்து, நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டு ஒன்றின் ஒரு பக்கம் முழுவதும் ஓடுகிறதா என்று கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். 33 சுற்று எல்.பி. தட்டை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள், ஊசியைத் தாங்கும் ஒலிப்பெட்டியின் பாரம் வரிப்பள்ளங்களை உழுதுவிடும்.

கடிகாரத்துக்கு ஒரே சோதனைதான். ஊசலைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பின்பலகையைப் பாருங்கள். இயந்திரம் பூட்டிய திருகுகளுக்கு அருகே வெறும் திருகுத் துளைகள் இருந்தால், ஒரு கடிகாரத்தின் பெட்டியில் இன்னொன்றின் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் ஓடும்தான், ஆனால் ஜெர்மன் யுங்ஹான்ஸ் என்று முகப்பில் இருப்பதற்காக முழு விலை கொடுக்கக் கூடாது.

கற்சிலை, செப்புத்திருமேனி, தந்தம் பதித்த பொருள் எதையும் யார் காட்டினாலும் வாங்காதீர்கள். நூறாண்டு கடந்த சிலைகளும் ஓவியங்களும் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டியவை, தந்த வணிகமோ முற்றிலும் தடைசெய்யப்பட்டது.

மடிப்பாக்கம்வாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. கிராமபோனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இன்னும் ஒரு கேள்வி. பல்லாவரத்தில் பழைய ஈயச்சொம்பும் கிடைக்கும் என்கிறார்கள். அதில் ரசம் வைக்கலாமா?

பித்தளைக் கூஜா:

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்தது. சந்தையில் கிடைப்பதில் காரீயம் (லெட்) கலந்திருந்தால் அது நஞ்சு, புளியும் தக்காளியும் அதைக் கரைத்துவிடும். காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனமானது, வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் போலச் சாம்பல் கோடு விழும். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்த இரண்டு சோதனையிலும் பிடிபடாது. ஆகவே பழைய சொம்பை அலமாரியில் வைத்துவிட்டு, சமையலுக்கு நம்பிக்கையான பாத்திரக்கடையில் புதிது வாங்குங்கள், அல்லது பழையதை உலோகப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எதுவானாலும் வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், ஆகவே புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் தீ மூட்ட வேண்டும்.