சிவகாசியில் இறந்த ராக்லண்ட் ஐயர்: வாலிபர் கூட்டத்தில் என்ன பேசலாம்?

ஜெபா, சாத்தூர்
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அடுத்த மாதம் எங்கள் சபையில் மிஷனெரி ஞாயிறு. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி ராக்லண்ட் ஐயரைப் பற்றி வாலிபர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 1854-ல் வட திருநெல்வேலியில் ஊழியத்தைத் தொடங்கினார், 1858-ல் சிவகாசியில் இறந்துவிட்டார். நாலே வருஷம். கூட்டம் கூட்டமாக ஆட்கள் சேரவும் இல்லை. பிள்ளைகளுக்கு எதை எடுத்துச் சொல்வது?

உபதேசியார் பேரன்
தம்பி, அந்த நாலு வருஷத்துக்கு முந்தினதையும் பாருங்கள். 1841-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் நான்காவதாக வந்தவர். கல்லூரிப் பதவியோடு அங்கேயே இருந்திருக்கலாம். 1846-ல் சென்னைக்கு வந்து சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலாளர் ஆனார். கடிதம், கணக்கு, கமிட்டி. அதையும் விட்டுவிட்டு, ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளம் ஐயர்மாரோடு கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நம் பக்கம் வந்தார். ஒரு இடத்தில் கூடாரம் அடிப்பார்கள், சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் போய்ப் பேசுவார்கள், அப்புறம் அடுத்த இடம். கரிசலில் ஒரு மழை பெய்தால் நடப்பது எப்படி இருக்கும் என்று சாத்தூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவரோ உடம்பு பலமில்லாதவர். அக்டோபர் 22-ம் தேதி ரத்தம் கக்கி இறந்தபோது வயது 43.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் உபதேசியார்களை, அதாவது வேதம் சொல்லிக்கொடுக்கும் உள்ளூர் ஊழியர்களை, மாதத்துக்கு ஒருவராக மாற்றி மாற்றி இந்த ஊழியத்துக்கு அனுப்பின. செலவையும் அந்தச் சபைகளே ஏற்றன. பனையை நம்பிப் பிழைத்த ஜனங்கள் கொடுத்த காசு அது! வெள்ளைக்கார ஐயர் ஒருவரின் கதையாக மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

என் தாத்தா பிற்காலத்தில் இதே பக்கம் உபதேசியார். தோள்பையில் சுவிசேஷப் பிரதிகள், பாட்டுப் புத்தகம், கொஞ்சம் வறுத்த பயறு. புது ஊரில் முதலில் கிணற்றடிக்குப் போய்க் குடிக்கத் தண்ணீர் கேட்பார். கொடுக்கிற கையைப் பார்த்தே அந்த ஊரில் உட்கார்ந்து பேசலாமா என்று தெரிந்துவிடுமாம். இல்லையென்றால் ஒரு பிரதியைத் திண்ணையில் வைத்துவிட்டு நடந்துவிடுவார். அடுத்த மாதம் அதே கிணற்றடிக்கு மறுபடி போவார்.

கிரேஸ், பாளையங்கோட்டை
ஜெபா, யோவான் 12:24-ஐ எடுத்துக்கொள். கோதுமைமணி நிலத்தில் விழுந்து சாவதே வெற்றிக்கு நிச்சயமான வழி என்று ராக்லண்ட் ஐயரே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் டோனாவூரில் மிஷனெரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மா அவர் வாழ்க்கையை ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார்கள், கிடைத்தால் படி.

உபதேசியார் பேரன்
அக்கா சொல்வது சரிதான். ஆனால் அந்த வசனத்தை ஐயரோடு நிறுத்த வேண்டாம். தண்ணீர்கூடக் கிடைக்காமல் திரும்பிய உபதேசியார்களுக்கும் அது பொருந்தும்.

ஜெபா, சாத்தூர்
நன்றி அண்ணா, நன்றி அக்கா. எங்கள் கோயில் பீரோவில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இருக்கிறது. உபதேசியார் பெயர்கள் அதில் இருக்கிறதா என்று குருவானவரிடம் கேட்டுப் பார்க்கிறேன். இருந்தால் கூட்டத்தில் அவற்றை வாசித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன்.