கஞ்சா தின்றதை கிளியரன்ஸ் ஃபார்மில் எழுதலாமா?

டென்வர்வாசி:
தம்பி இங்கேயே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். ராணுவத்துக்கு மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, சீக்ரெட் கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதி) வந்தால்தான் உறுதி. அதற்கான எஸ்எஃப்-86 ஃபார்மின் 23வது பிரிவில், கடந்த 7 வருடத்தில் போதைப்பொருள் தொட்டதுண்டா என்று கேட்கிறார்கள். கல்லூரியில் பத்துப் பன்னிரண்டு தடவை கம்மி சாப்பிட்டிருக்கிறான் (குறைவாகச் சாப்பிட்டான் என்று அர்த்தமில்லை, கஞ்சா போட்ட ஜெல்லி மிட்டாய்). கடைசியாகப் போன தீபாவளிக்கு. கொலராடோவில் 2014லிருந்து கடையிலேயே விற்கிறார்கள். அப்பா "இல்லை" என்று போடச் சொல்கிறார்.

பழைய பெருங்காயம்:
அப்பா சொல்வதுதான் சரி. போலீஸ் கேஸ் இல்லை, ஆஸ்பத்திரிப் பதிவு இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது? இந்தியாவில் இருக்கும் சொந்தபந்தம் என்று ஏற்கெனவே பக்கம் பக்கமாக நிரப்ப வேண்டியிருக்கிறது, இதில் கஞ்சாவையும் சேர்த்தால் எவன் வேலை கொடுப்பான்?

வர்ஜீனியா வாத்தியார்:
பெருங்காயம் அண்ணே, இந்த யோசனையில்தான் பையன்கள் வேலையைத் தொலைக்கிறார்கள். நான் 12 வருடமாகக் கிளியரன்ஸோடு இருப்பவன். எப்போதோ கஞ்சா அடித்தது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று அப்போதைய தேசிய உளவுத்துறை இயக்குநர் அவ்ரில் ஹேய்ன்ஸ் 2021 டிசம்பரிலேயே சுற்றறிக்கை விட்டார். எத்தனை தடவை, எப்போது நிறுத்தினான், இனி தொடமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தருவானா, இதையெல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். பொய் வேறு கதை. தெரிந்தே தப்பாக எழுதினால் 5 வருடம் வரை சிறை என்று சட்டம் இருக்கிறது. நாளைக்கு அதற்கும் மேலான டாப் சீக்ரெட் கிளியரன்ஸுக்குப் போய், ஏதாவது ஏஜென்சி பாலிகிராஃபில் (பொய் கண்டுபிடிக்கும் சோதனை) உட்கார வைத்து இதே கேள்வியைக் கேட்டால், பழைய ஃபார்மை என்ன செய்வான்?

பழைய பெருங்காயம்:
மாநிலம் கடை திறந்து விற்கிறது, வரி வாங்குகிறது, அப்புறம் மத்திய அரசு அதையே குற்றம் என்கிறது. இந்தக் கூத்தில் நாம் மட்டும் அரிச்சந்திரனாக இருக்கணுமா?

வர்ஜீனியா வாத்தியார்:
கூத்துதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாநிலம் அனுமதித்தாலும் மத்திய சட்டப்படிதான் பதில் சொல்லணும் என்று ஃபார்மிலேயே போட்டிருக்கிறது, தெரியாது என்று சொல்ல முடியாது. முழுப் பூசணிக்காய் என்றால்கூடச் சரி, இது ஒரு ஊறுகாய்த் துண்டு. இதை மறைக்க எதற்கு ஒரு அண்டா சோறு?

மேரிலாந்து மருமகள்:
வாத்தியார் சொல்வது சரி, ஆனால் அவர் சொல்கிற அளவுக்குச் சுலபமில்லை. என் வீட்டுக்காரர் உள்ளதை எழுதினார், கிளியரன்ஸ் வந்தது, ஆனால் எட்டு மாதம் இழுத்தது, அதுவரை சம்பளம் கிடையாது. இன்னொன்று, தம்பி இப்போதும் சாப்பிடுகிறானா என்று முதலில் கேளுங்கள். பழைய பழக்கத்துக்குத்தான் மன்னிப்பு, இப்போதும் பழக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கவே கூடாது என்று சட்டமே சொல்கிறது.

டென்வர்வாசி:
கேட்டேன். தலையைச் சொறிந்தான். தீபாவளி இல்லையாம், மே மாதம் ஒரு கல்யாண வீட்டில் ஒன்று உள்ளே போயிருக்கிறது. இப்போது லேப்டாப்பை மூடிவிட்டு, மளிகைச் சீட்டின் பின்பக்கம் தேதி தேதியாக எழுதிக்கொண்டிருக்கிறான், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார். பதினான்கு வந்திருக்கிறது.