செர்ரி இறால் ஓடு கழற்றும்போது சாகிறது, தண்ணீரில் ஜிஎச் (கால்சியம், மெக்னீசியம் அளவு) குறைவா?

அழகுக்காக இறால் வளர்க்கும் 20 லிட்டர் தொட்டி. அடியில் 4 செ.மீ ஆக்டிவ் சாயில் (கேஎச்சை உறிஞ்சி பிஎச்சைக் குறைக்கும் மண்), ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஜாவா பாசி, கல்லில் கட்டிய அனுபியாஸ் செடி. ஆறு வாரம் ஓடவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆன பிறகுதான் 10 இறால் விட்டது. மூன்று வாரத்தில் 4 போய்விட்டன. எல்லாமே ஒரே மாதிரி: தலை ஓடு முடியும் இடத்தில் சுற்றிலும் வெள்ளை வளையம், ஓடு பாதி கழன்றபடி மல்லாந்து கிடக்கிறது.

அளவுகள்: ஜிஎச் 4, கேஎச் (பிஎச்சை நிலையாக வைக்கும் கார்பனேட் அளவு) 1, பிஎச் 6.6, டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்தம்) 130, வெப்பம் 25 டிகிரி. ஆர்ஓ (உப்பு நீக்கி வடிகட்டிய) தண்ணீரில் ஜிஎச் ஏற்றும் உப்பு மட்டும். இறாலுக்கு ஆகாத செம்பு கலந்த உரம் எதுவும் போடவில்லை.

செர்ரிக்கு ஜிஎச் 6 முதல் 8 வேண்டும் என்பது தெரியும். ஆனால் வாரம் 30% தண்ணீர் மாற்றிய மறுநாள்தான் சாவு. திடீர் மாற்றம் ஓட்டை முன்கூட்டியே கழற்றவைக்கிறதோ என்று சந்தேகம்.

வாரம் 10% மட்டும் சொட்டுச்சொட்டாக விட்டு, ஜிஎச்சை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றலாமா? கேஎச்சும் சேர்ந்த உப்பு போட்டால் சாயில் அதை உறிஞ்சி சீக்கிரமே செயலிழந்துவிடும். பேசாமல் சாயிலை எடுத்துவிட்டு மணலுக்கு மாறுவதா? கால்சியத்துக்காகக் கணவாய் ஓடு போட்டவர்களுக்கு ஜிஎச் உண்மையில் எவ்வளவு ஏறியது? அளந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.