இரட்டைப் பிஸ்டன் காலிப்பர் மாட்டிய பிறகு முன் பிரேக் லிவர் கைப்பிடியைத் தொடுகிறது: உதவி தேவை

கிக்கர்82:
நண்பர்களே, என் பழைய பைக்கின் முன் பிரேக் போதவில்லை என்பதால், வேறொரு வண்டியின் இரட்டைப் பிஸ்டன் காலிப்பரையும் (பேட்களை டிஸ்கின் மீது அழுத்தும் பாகம்) புதிய ஸ்டீல் பின்னல் ஹோஸையும் நேற்று மாட்டினேன். ஒரு பாட்டில் பிரேக் ஆயில் தீரும் வரை ஏர் எடுத்தும் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியும்), லிவரை அழுத்தினால் அது கைப்பிடி வரை வந்துவிடுகிறது. எங்கும் கசிவு இல்லை. வார இறுதியில் வண்டி தேவைப்படுவதால் விரைவாக வழி சொல்லுங்கள்.

வட்டுக்காரன்:
எந்த வண்டி, பழைய காலிப்பரில் எத்தனை பிஸ்டன், அவற்றின் விட்டம் என்ன, லிவரை அழுத்தும்போது ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் என்ன என்று எதுவுமே நீங்கள் சொல்லவில்லை. மாஸ்டர் சிலிண்டரின் உடலில் பெரும்பாலும் 1/2 (அங்குலம்) என்றோ 14 (மி.மீ.) என்றோ வார்ப்பிலேயே எண் இருக்கும், துடைத்துவிட்டுப் பாருங்கள். லிவரை வேகமாக நான்கைந்து முறை அடித்தால் இறுகுகிறதா, அல்லது இறுகப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்குகிறதா என்பதையும் எழுதுங்கள். முன்னது நடந்தால் காற்றையும், பின்னது நடந்தால் மாஸ்டரின் உள்ளிருக்கும் ரப்பர் கப்பையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நெம்புகோல்:
கேள்வியே தேவையில்லை. பிஸ்டன் இரண்டானால் தள்ள வேண்டிய ஆயிலும் இரண்டு மடங்கு. பழைய மாஸ்டரால் அது முடியாது. 14 மி.மீ. மாஸ்டர் ஒன்றை மாட்டுங்கள், சரியாகிவிடும்.

மூத்த மெக்கானிக்:
பல ஆண்டுகளாக இதே கதையைப் படித்து வருகிறேன். பழைய காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, சீல்களையும் பேட்களையும் புதிதாக்கியிருந்தால் இந்த இழையே பிறந்திருக்காது. நாற்பது வயதான ரப்பர் ஹோஸ் ஒவ்வோர் அழுத்தத்திலும் உப்புவதைப் பார்க்காமல், தம்பிமார்கள் நேரே அடுத்த வண்டியின் காலிப்பரைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

கிக்கர்82:
மன்னிக்கவும், எல்லோருக்கும் புரியும் என்று நினைத்துவிட்டேன். 1982ஆம் ஆண்டின் 400 சிசி வண்டி, முன்னால் ஒற்றை டிஸ்க். மாஸ்டரில் 1/2 என்று இருக்கிறது. பழைய காலிப்பரில் 38 மி.மீ. பிஸ்டன் ஒன்று; புதியதில் 27 மி.மீ. பிஸ்டன்கள் இரண்டும் ஒரே பக்கத்தில் உள்ளன. வேகமாக அடித்தால் லிவர் கொஞ்சம் இறுகுகிறது, விட்டுப் பிடித்தால் மீண்டும் பஞ்சாகிவிடுகிறது.

வட்டுக்காரன்:
அப்படியானால் நெம்புகோல் சொன்னது கணக்கில் நிற்கவில்லை. 38 மி.மீ. பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 1134 சதுர மி.மீ.; 27 மி.மீ. பிஸ்டன்கள் இரண்டும் சேர்ந்தால் 1145. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்று. அதாவது, பழைய காலிப்பருக்குப் போதுமாக இருந்த 1/2 அங்குல, அதாவது 12.7 மி.மீ. மாஸ்டர் இதற்கும் போதும். 14 மி.மீ. மாட்டினால் லிவரின் ஓட்டம் குறைவது உண்மைதான், ஆனால் அதே கைவிசைக்குப் பேடில் விழும் அழுத்தம் ஏறக்குறைய 18 சதவீதம் குறைந்து, பிரேக் மரக்கட்டைபோல் ஆகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிஸ்டனின் எண்ணிக்கையால் மட்டும் உங்களுக்குக் கூடுதல் விசை எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கப்போகும் முன்னேற்றம் ஹோஸாலும் புதிய பேட்களாலும்தான். காலிப்பர் இருக்கும் நிலையைப் படம் எடுத்துப் போடுங்கள்.

நெடுஞ்சாலை:
எந்த ஆயில் ஊற்றினீர்கள்? டாட் 4ஐ (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) வடித்துவிட்டு டாட் 5 ஊற்றுங்கள். எண் கூடினால் கொதிநிலையும் கூடும், பெயின்டையும் அது அரிக்காது.

மூத்த மெக்கானிக்:
எண்ணைப் பார்த்து ஆயில் வாங்குபவர்களுக்கு என்ன சொல்வது? டாட் 5 என்பது சிலிக்கோன். டாட் 3, 4, 5.1 ஆகியவை கிளைகாலை அடிப்படையாகக் கொண்டவை. இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாதவை.

நெடுஞ்சாலை:
நான் கலக்கச் சொல்லவில்லை, வடித்துவிட்டு என்றுதான் எழுதினேன். டாட் 4 காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதை மறுப்பீர்களா? புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸாக இருக்க வேண்டிய அதன் கொதிநிலைக்கு, ஈரம் ஏறிய பிறகு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு 155 மட்டுமே.

மூத்த மெக்கானிக்:
ஈரத்தை உறிஞ்சாத ஆயிலில் தண்ணீர் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? துளியாகத் திரண்டு, தாழ்வான இடமான காலிப்பரில் தேங்கி, பிஸ்டனைத் துருப்பிடிக்க வைக்கும். டாட் 4 ஊற்றி, இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் இந்த வாதமே தேவையில்லை.

வட்டுக்காரன்:
ஆயில் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. கிக்கர்82 மேலே படத்தைச் சேர்த்திருக்கிறார், காரணம் அதிலேயே தெரிகிறது. அது இரட்டை டிஸ்க் வண்டியின் வலப்பக்கக் காலிப்பர். அதை இடப்பக்க ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்) பின்னால் மாட்டியதால் தலைகீழாகி, ஏர் எடுக்கும் நிப்பிள் அடியில் வந்துவிட்டது. எத்தனை பாட்டில் ஊற்றினாலும் ஆயில் அடி வழியே போய்க்கொண்டிருக்கும், காற்று மேலே பிஸ்டனுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இப்போதைக்குக் காலிப்பரைக் கழற்றி, பேட்களுக்கு நடுவே டிஸ்கின் கனமுள்ள சுத்தமான மரத்துண்டைச் செருகுங்கள். இல்லையென்றால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிறகு நிப்பிள் உச்சியில் இருக்கும்படி காலிப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரின் பின்புறத்தால் லேசாகத் தட்டியபடி ஏர் எடுங்கள்.

நெம்புகோல்:
என் கருத்தில் எதற்கும் 14 மி.மீ. மாஸ்டரையும் ஒருமுறை பார்க்கலாம்.

கிக்கர்82:
தட்டியதும் பட்டாணி அளவுக் குமிழிகள் வரிசையாக வந்தன. லிவர் இப்போது பாதியிலேயே கல்லாக நிற்கிறது. நன்றி.

வட்டுக்காரன்:
மகிழ்ச்சி. ஆனால் அடுத்த முறை ஆயில் மாற்றும்போதும் இதே வேலை இருக்கும் என்பதால் இடப்பக்கக் காலிப்பரைத் தேடிக்கொள்ளுங்கள். படத்தில் காலிப்பருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஓர் இணைப்புத் தகடு தெரிகிறதே, பிரேக் பிடிக்கும்போது விசை முழுவதையும் தாங்குவது அதுதான். அது எந்த உலோகம், எத்தனை மி.மீ. கனம், யார் செய்து கொடுத்தது என்று சொல்லாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

வட்டுக்காரன்:
கிக்கர்82, இருக்கிறீர்களா?