கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, சித்தி கரையில் இருந்தார்

கடவுளை நம்பி வாழ்கிறவர்களுக்கே ஏன் இவ்வளவு துன்பம் என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். பதில் என்னிடம் இல்லை. சுனாமியில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

2004 கிறிஸ்துமஸ் முடிந்த ராத்திரி திண்டுக்கல்லில் இருந்து வேன் பிடித்து வேளாங்கண்ணி போனோம், மொத்தம் பதினான்கு பேர். சித்தியின் நேர்ச்சை அது. ஒன்பது வருஷம் குழந்தை இல்லாமல் இருந்து மாதாவிடம் வேண்டிப் பிறந்த பையன், மூன்று வயதில் மொட்டை போடுவதாக நேர்ந்திருந்தார். சித்தப்பாவின் பூட்டுப் பட்டறையில் அப்போது வேலை சரியாக ஓடவில்லை, கையில் காசு இல்லை, அதனால் தள்ளிப் போய் ஐந்து வயதில்தான் முடிந்தது.

எங்கள் குடும்பத்தில் பக்தி என்றால் சித்திதான். காலை நாலரைக்கு எழுந்து ஜெபமாலை, வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம். அதோடு நிற்கவில்லை, தெருவில் யாருக்கு உடம்பு முடியவில்லை என்றாலும் கஞ்சித் தூக்கோடு போய் நிற்பார், அவர்கள் எந்த சாமியைக் கும்பிடுகிறவர்கள் என்று பார்க்க மாட்டார்.

26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை கண்டு, நற்கருணை வாங்கி, தம்பிக்கு மொட்டையும் போட்டாயிற்று. மொட்டை போட்டதும் கடலில் ஒரு முழுக்கு போட்டுவிட்டு வருவது வழக்கம். சந்தனப் பொட்டலத்தை சித்தி என் கையில் கொடுத்து, "நனைஞ்சிடும், நீ வெச்சிரு, குளிச்சிட்டு வந்து தடவிக்கலாம்" என்றார். எனக்கு அப்போது 19 வயது. அம்மாவுக்குத் துணையாக லாட்ஜில் இருந்துவிட்டேன். ஒன்பது மணிக்குமேல் தெருவில் சத்தம் கேட்டது, ஏதோ சண்டை என்றுதான் நினைத்தோம்.

தம்பி அன்று சாயங்காலம் கிடைத்தான். வரிசையாகப் படுக்க வைத்திருந்த குழந்தைகளில் மொட்டைத் தலைகள் நிறைய இருந்தன, இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை வைத்துத்தான் சித்தப்பா கண்டுபிடித்தார். பொட்டலம் என் தாவணி முடிச்சிலேயே இருந்தது. அங்கே ஒரு அம்மாவிடம் கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குழைத்து அவன் தலையில் தடவினேன். சித்தி கிடைக்கவே இல்லை. அடையாளம் தெரியாதவர்களைச் சேர்த்துப் புதைத்த இடத்தில் இருப்பார் என்று நாங்களாக நினைத்துக்கொள்கிறோம்.

ஊருக்கு வந்த பிறகு கேட்டவைதான் எனக்கு இன்னும் ஆறாதவை. "கோயில் வளாகம் வரைக்கும் வந்த தண்ணி கோயிலுக்குள்ள வரல, மாதா எப்படிக் காப்பாத்தினாங்க பாருங்க" என்று எங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து சொன்னார்கள். எனக்கும் மாதா மேல் உயிர். ஆனால் கோயிலைக் காப்பாற்றியவர் கரையில் ஜெபமாலையோடு நின்றவரை ஏன் விட்டார் என்று அந்த வாயாலேயே ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா? முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிடும்போது ஒரு உறவுக்காரப் பெண், "மூணு வயசுல முடிக்க வேண்டிய நேர்ச்சை, தள்ளிப் போட்டாங்கல்ல" என்றார். சித்தப்பா இலையில் பாதிச் சோற்றோடு எழுந்து போனார். அதன்பிறகு எட்டு வருஷம் அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நிலம் நகர்ந்தது நம் நேரப்படி ஆறரை மணிக்கு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நிலம் நகர்ந்ததற்கும் அலை வந்ததற்கும் இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே அப்போது கிடையாது, ஹைதராபாத்தில் மையம் வந்தது 2007-ல். அதனால் 'ஏன்' என்ற கேள்வியில் ஒரு பங்கை நான் மனிதர்களிடம்தான் கேட்கிறேன். மீதியை ஆண்டவரிடம் கேட்கிறேன், இன்றைக்கும்.

எங்கள் பங்குக் கோயிலில் அப்போது ஒரு வயதான பாதிரியார் இருந்தார். நாங்கள் ஊருக்குத் திரும்பிய அந்த வாரம் தினமும் சாயங்காலம் வந்து சித்தப்பாவோடு திண்ணையில் உட்காருவார், ஒரு வார்த்தை பேச மாட்டார், டீ கொடுத்தால் குடிப்பார், இருட்டியதும் போவார். பல மாதம் கழித்து நான்தான் அந்த நேர்ச்சைப் பேச்சைச் சொல்லி அழுதேன். அப்போது பைபிளில் வரும் சீலோவாம் கோபுரத்தைப் பற்றிச் சொன்னார். கோபுரம் இடிந்து 18 பேர் செத்தார்கள், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். "கோபுரம் ஏன் விழுந்துச்சுன்னு அவரும் சொல்லலம்மா, நான் எப்படிச் சொல்றது" என்றார். அதே பைபிளில், எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கடவுளுக்கே கோபம் வந்தது. இதை நான் அப்புறம் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

சித்தப்பா இப்போது பூசைக்கு வருகிறார். கடைசி பெஞ்சில் உட்காருவார், முழங்கால் போட மாட்டார். யாரும் அவரை எதுவும் கேட்பதில்லை.

*

அக்கா, நான் மட்டக்களப்பு. உங்கட பதிவை ரெண்டு தரம் வாசித்தேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது செத்தவர்களில் நிறையப் பேர் ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியில் நின்ற பிள்ளைகள். என்ர கூட்டாளியின் மகளும் அதில் ஒருத்தி. அவன் சுனாமியில் தாயைக் கொடுத்தவன், யுத்தத்தில் தமையனைக் கொடுத்தவன், பிறகும் ஒரு ஞாயிறு தவறாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனவன்.

செத்த வீட்டில் ஒருவர் அவன் தோளைப் பிடித்து, "கர்த்தர் தன்ர தோட்டத்துக்கு நல்ல பூவாப் பாத்துப் பறிச்சிட்டார்" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார், அது எனக்குத் தெரியும். ஆனால் இவன் நிமிர்ந்து பார்த்து, "அவருக்கு என்னத்துக்கு என்ர பூ" என்று கேட்டான். நான் அவ்வளவு சரியான ஜெபத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை. அவன் இன்னும் ஆராதனைக்குப் போகிறான். ஏன் போகிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "வேற ஆரிட்டப் போய் இதைக் கேக்கிறது" என்றான்.

*

நான் சைவக் குடும்பம், பண்ருட்டி பக்கம். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வருஷக்கணக்காக பிரதோஷம் தவறாமல் திருவதிகை சிவன் கோயிலுக்குப் போனவர். கணையத்தில் புற்றுநோய் என்று சொன்னபோது ஐந்து மாதம்தான் இருந்தது. வலி வரும்போது அப்பரின் முதல் பதிகத்தைப் பாடுவார். அப்பர் சூலை நோயில், அதாவது கடுமையான வயிற்றுவலியில், துடித்துப்போய் அதே திருவதிகையில் பாடியது. சின்ன வயதிலிருந்து அதைப் பக்திப் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன், பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட முறையீடு என்று புரிந்தது. நான் என்ன கொடுமை செய்தேன் என்று எனக்கே தெரியவில்லையே என்கிறார் அப்பர்.

பூர்வஜென்ம வினை என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். வினை உண்டு என்று நானும் நம்புகிறேன். ஆனால் அடுத்தவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்ல யாருக்கு என்ன உரிமை? அப்பருக்கு வலி தீர்ந்தது, இவருக்குத் தீரவில்லை. கடைசி நாட்களில் குரல் வராது, உதடு மட்டும் அசையும், நான் பாடுவேன்.

*

அம்மா, நீங்கள் எழுதியதை சித்தப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மட்டக்களப்புத் தம்பி எழுதியதையும்தான். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். "அவருக்கு வலி எந்தப் பக்கம் இருந்துச்சாம்" என்று மட்டும் கேட்டார். உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், அவரிடம் சொல்கிறேன்.