சாப்போவின் கவிதைக்கு இசை: கிரேக்க மூலத்திலா, மொழிபெயர்ப்பிலா?

கேள்வி:
வணக்கம். பழங்கிரேக்கப் பெண்கவி சாப்போவின் கவிதைகள் சிலவற்றை சோப்ரானோவுக்கும் (உச்சப் பெண்குரல்) பியானோவுக்குமாக இசையமைத்துக்கொண்டிருக்கிறேன். முதலில் எடுத்தது அந்த நிலவுப் பாடல். நிலவும் கார்த்திகை மீன்களும் மறைந்துவிட்டன, நள்ளிரவு, நேரம் போகிறது, நான் தனியே படுத்திருக்கிறேன், அவ்வளவுதான் கவிதை. கிரேக்கத்திலேயே பாடவைப்பதா, மொழிபெயர்ப்பிலா? கிரேக்கம் என்றால் குறில் நெடில் அளவை அப்படியே தாளத்தில் கொண்டுவர வேண்டுமா? அப்புறம், அவருடைய பாடல்கள் பலவும் துண்டுகளாகத்தானே கிடைத்திருக்கின்றன, பாதியில் அறுந்து நிற்கும் வரிகளை என்ன செய்வது?

பதில் 1:
கிரேக்கத்திலேயே போடுங்கள். நெடிலுக்கு 2 மாத்திரை, குறிலுக்கு 1 என்று வைத்தால் சாப்போவின் பேர்பெற்ற நாலடிச் செய்யுளில் 11 அசை கொண்ட நீள அடிக்கு 17 அல்லது 18 மாத்திரை, 5 அசை கொண்ட கடைசி அடிக்கு 8. நீள அடியின் நடுவே அடுத்தடுத்து வரும் இரண்டு குறில்தான் அதன் உயிர், நாலு நாலாக எண்ணும் 4/4 தாளத்துக்குள் திணித்தால் போய்விடும். குறிலை அடுத்து இரண்டு மெய் வந்தால் அதுவும் நெடில் கணக்குதான், மறந்துவிடாதீர்கள். நிலவுப் பாடல் வேறு யாப்பு, ஆனாலும் எண்ணும் முறை இதேதான்.

பதில் 2:
மாத்திரைக் கணக்கு சரி, ஆனால் அது பாதிதான். பழைய கிரேக்கத்தில் சொல்லழுத்தம் என்பது குரல் ஏறி இறங்குவது. கிரேக்கக் கோயில் தலமான டெல்ஃபியில் கல்லில் பொறித்த பாடல்களில் மெட்டு பெரும்பாலும் அதை மதித்தே போகிறது, அழுத்தம் விழும் அசை அந்தச் சொல்லின் மற்ற அசைகளைவிடக் கீழே இறங்குவதில்லை. ஆனால் ஒரே மெட்டை எல்லாச் செய்யுளுக்கும் திருப்பிப் பாடினால் அழுத்தம் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் விழுமே! எனவே முழு விசுவாசம் என்று ஒன்று இங்கே கிடைக்காது.

இத்தாலிய இசையமைப்பாளர் தல்லப்பிக்கோலாவின் 'கிரேக்கப் பாடல்க'ளைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போர் நடந்த 1942 முதல் 1945 வரை எழுதியது, சாப்போ, அல்கேயஸ், அனக்ரியோன் என்ற பழங்கிரேக்கக் கவிகள் மூவருமே கவிஞர் குவாசிமோதோவின் இத்தாலிய மொழிபெயர்ப்பில். பன்னிரண்டு சுரங்களையும் சமமாக நடத்தும் பன்னிரு சுர முறைதான், ஆனாலும் குரல் எவ்வளவு இதமாக வளைந்து போகிறது பாருங்கள். அனக்ரியோன் பாடல்களில் குரலோடு இரண்டு கிளாரினெட், வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), பியானோ மட்டுமே. எனக்கு அதுவே போதும், பாடுபவருக்கும் கேட்பவருக்கும் சொல் உடனே புரிகிறது. ஒன்று, மொழிபெயர்ப்பாளர் இறந்து 70 ஆண்டு ஆகாவிட்டால் பல நாடுகளில் அனுமதி வாங்க வேண்டும்.

பதில் 3:
அறுந்த வரிகளைப் பற்றி: எல்லாம் ஒரே மாதிரி அறுந்ததல்ல. எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரின் குப்பைமேட்டில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல்) தாள்களில் வரியே கிழிந்திருக்கிறது. நிலவுப் பாடலோ யாப்பிலக்கணம் எழுதிய ஹெஃபைஸ்டியன் எடுத்துக்காட்டாக மேற்கோள் காட்டியதால் பிழைத்தது, நாலு அடியும் முழுசு. அதில் இல்லாத ஓட்டையை நீங்களாகப் போடாதீர்கள், தயவுசெய்து. (அது சாப்போவுடையதா என்பதே தீராத வழக்கு, நிகழ்ச்சிக் குறிப்பில் அதைச் சொல்லிவிடுங்கள்.)

சாப்போ பதிப்புகளில் 31-ஆம் துண்டு என்று எண்ணிட்ட பாடல் வேறு. நாக்கு ஒடிகிறது, தோலுக்கடியில் தீ ஓடுகிறது, காது இரைகிறது, சாவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், அப்புறம் எதையும் துணிந்தாக வேண்டும் என்று ஒரு வரி தொடங்குகிறது, அதோடு சரி. அங்கே பியானோ எதையும் முடித்துவைக்கக் கூடாது. குரல் அடுத்த சொல்லுக்கு மூச்சு எடுக்கட்டும், பாடல் அதில் நிற்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நிலவுப் பாடலைக் கிரேக்கத்திலேயே, மாத்திரைக் கணக்கில் எழுதப்போகிறேன். நாலு அடிதானே, பாடகிக்கு உச்சரிப்பை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிடலாம். 31-ஐ மட்டும் மொழிபெயர்ப்பில் வைக்கிறேன், தீ ஓடும் இடம் புரியாமல் போனால் எனக்குத் தாங்காது.