கிருமிகளின் பேச்சை வெட்டினால் இறாலுக்கு நோய் வராதா?

கிள்ளைப் பண்ணையார்:
கடையில் ஒரு புரோபயாட்டிக் (நன்மை செய்யும் நுண்ணுயிர்) பை தந்தார்கள். அதிலுள்ள பேசில்லஸ் என்ற பாக்டீரியா, இறாலைத் தாக்கும் விப்ரியோ கிருமிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேதிச் சமிக்ஞையைச் சிதைக்குமாம். எனக்குச் சரியாகவே படுகிறது. ஆன்டிபயாட்டிக் போட்டால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். இது கிருமியைக் கொல்லாமல் கூட்டுச் சேரவிடாமல் செய்கிறது. இதில் என்ன குறை?

வெள்ளாற்றான்:
குறை இருக்கிறது அண்ணா. விப்ரியோவில் ஒளிரும் வகையான விப்ரியோ ஹார்வி மூன்று சமிக்ஞைகளை வெளியே விடுகிறது. கூட்டம் பெருகப் பெருக அவை நீரில் சேரும்; மூன்றின் செய்தியும் லக்ஸ்-ஓ என்ற ஒரே புரதத்தில் வந்து முடியும். பேசில்லஸின் லாக்டோனேஸ் நொதி, அம்மூன்றில் லாக்டோன் வளையம் என்ற வேதி அமைப்பு உள்ள ஒன்றைத்தான் உடைக்கும். அந்த வளையமோ காரத்தன்மை மிகுந்த நீரில் தானாகவே திறந்துகொள்ளும். பிற்பகலில் பி.எச். 8.5-ஐத் தாண்டும் குளத்தில் அதற்குக் காசு கொடுப்பானேன்?

கிள்ளைப் பண்ணையார்:
ஒன்றை உடைத்தாலும் லாபம்தானே தம்பி! பொரிப்பகத்தில் விளக்கை அணைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நோய் கண்ட குஞ்சுகள் நீலப்பச்சையாக மினுங்கும். கூட்டம் சேர்ந்துவிட்டது என்பதற்கு அந்த ஒளியே சாட்சி. கூட்டம் இல்லையென்றால் ஒளியும் இல்லை, சாவும் இல்லை.

வெள்ளாற்றான்:
ஒளி அணைந்தால் நஞ்சும் அடங்கும் என்று யார் சொன்னது? கூட்டம் சேர்ந்ததும் ஹார்வி ஒளியையும் புரதம் அரிக்கும் நொதியையும் முடுக்கிவிடுகிறது. ஆனால், பிற செல்லுக்குள் நஞ்சைச் செலுத்தும் ஊசி போன்ற மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பை அப்போதுதான் அடக்குகிறது. பேச்சை வெட்டினால் அந்த ஊசி விழித்துக்கொள்ளலாம்.

புதுவை ஆய்வகத்தான்:
காலராக் கிருமி இன்னும் விநோதம். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதுதான் அது நஞ்சையும் உயிரிப்படலத்தையும் (கிருமிகள் ஒட்டி வாழும் பசைப் படலம்) உருவாக்கும். கூட்டம் பெருகியதும் ஹாப்-ஆர் என்ற புரதம் இரண்டையும் நிறுத்தி, உதிர்ந்து வெளியேற வழிசெய்யும். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற வேறொரு கிருமி நேர் எதிர்: சமிக்ஞை இருந்தால்தான் அதன் படலம் தடித்து உறுதிப்படும். ஆகவே எல்லாக் கிருமிக்கும் ஒரே பை என்பது வியாபாரம்.

அதற்காக வெள்ளாற்றான் ஒரேயடியாகத் தள்ளுவதையும் ஏற்க மாட்டேன். ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் உயிரியில் நடந்த சோதனைகளில், சமிக்ஞைத் தொடர் அறுந்த ஹார்வி குறைவாகவே கொன்றது. ஊசி விழித்தும் சாவு கூடவில்லையே!

வெள்ளாற்றான்:
அது மரபணுவை அறுத்த கிருமி ஐயா. பையில் வருவது பேசில்லஸின் நொதி; அது ஒரு சமிக்ஞையைத்தான் உடைக்கும்.

கிள்ளைப் பண்ணையார்:
வீண் பேச்சு வேண்டாம். ஒரு குளத்தில் போடுகிறேன், பக்கத்துக் குளத்தில் போடவில்லை. பார்த்துவிடலாம்.

வெள்ளாற்றான்:
இரண்டிலும் ஒரே தொகுதிக் குஞ்சு விடுங்கள்; டி.சி.பி.எஸ். தட்டில் (விப்ரியோவை வளர்த்துப் பார்க்கும் ஊட்டத் தட்டு) விப்ரியோவை எண்ணுங்கள். எண்ணிக்கையே சரிந்தால் அது பேச்சை வெட்டியதால் அல்ல, பேசில்லஸ் இடத்தையும் தீனியையும் பிடித்துக்கொண்டதால். அதற்குப் பழைய மலிவுப் பையே போதும்.